ஒட்டியது, அடித்தது, உரித்தது

மார்ச் 5, வியாழன்

இது போன வருடத்து டைரி. பட்டறைக்குப் பெயிண்டும் தின்னரும் வாங்கும் கடையில் மீந்துபோனதை எனக்கும் கூட வேலை செய்யும் ஜெய்புனக்காவுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அச்சடித்த கிழமை தப்பாக இருக்கிறது. அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்கிறேன்.

நான் டைரி எழுதுகிற ரகம் இல்லை. இன்று வந்த ஆத்திரத்தில் ஆரம்பிக்கிறேன். காலேஜ் பஸ்ஸுக்கு அடித்த சிவப்புக் கோட்டில் இரண்டு இடத்தில் கசிவு. ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக்குள் சிவப்பு இறங்கி மீசை மாதிரி நிற்கிறது. பெயிண்டர் மாதேஸ்வரன் எல்லோர் முன்னாலும், "ஒட்டுன லட்சணம் அப்புடி" என்று சொல்லிவிட்டார். நான் ஒட்டியதில் ஒரு குற்றமும் இல்லை. காலையில் அடித்துவிட்டுப் போனவர், மத்தியானச் சாப்பாட்டை முடித்து, வெற்றிலை போட்டு, அதற்கப்புறம் வந்து உரித்தார். காய்ந்து இறுகிய பிறகு உரித்தால் கோடு எப்படி உருப்படும்?

மொதலாளி கேட்டால் காட்ட என்னிடம் அத்தாட்சி இல்லை. இனிமேல் இருக்கும். என்ன டேப், யார் ஒட்டியது, யார் அடித்தது, யார் எப்போது உரித்தது. இவ்வளவுதான் இதில் எழுதுவேன். என் கதை எதையும் எழுதப்போவதில்லை.

படிக்கிறவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்று மட்டும். நான் சுகந்தமணி. கரூர் பைபாஸில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பதினோரு வருடமாக மாஸ்கிங் வேலை. பெயிண்ட் படக்கூடாத இடத்தையெல்லாம் டேப்பும் நியூஸ்பேப்பரும் ஒட்டி மூடுவது. நானும் ஜெய்புனக்காவும் ஒட்டுவோம், மாதேசண்ணன் அடிப்பார். உரிப்பதும் அவர்தான். எங்கள் பட்டறையில் ஸ்பிரே கன் பிடித்தவர்தான் உரிக்க வேண்டும், அது எழுதாத சட்டம். பதினோரு வருடத்தில் நான் ஒரு பஸ்ஸில்கூட டேப்பை உரித்ததில்லை. அக்கா பத்தொன்பது வருடமாக இல்லை.

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

மார்ச் 6, வெள்ளி

காலேஜ் பஸ், பின்பக்கம். காகித டேப், முக்கால் இஞ்ச். ஒட்டியது நான். அடித்தது மாதேசண்ணன். உரித்தது மாதேசண்ணன், நாலு மணி நேரம் கழித்து, நேர் வெயிலில். ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. பசை பாதி பஸ்ஸிலேயே தங்கிவிட்டது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது நாங்கள்.

பம்பர். அதே டேப். நிழல். முக்கால் மணி நேரத்தில் உரித்தார். சுத்தம்.

மார்ச் 7, சனி

சாயங்காலம் பட்டறையைக் கூட்டுவதும் எங்கள் வேலை. உரித்துப் போட்ட டேப் சுருள் சுருளாகக் கிடக்கும். ஜெய்புனக்கா முறத்தில் அள்ளிக் கொட்டிவிடுவாள். நான் கொட்டுவதற்கு முன்னால் ஒரு சுருளைப் பிரித்துப் பார்ப்பேன். ஓரத்தில் பெயிண்ட் நூல் நூலாக இழுத்திருந்தால் அவசரப்பட்டு உரித்திருக்கிறார். உடைந்து நொறுங்கியிருந்தால் தாமதம். கத்தியால் வெட்டியது போல இருந்தால் அன்றைக்கு மாதேசண்ணனுக்கு நல்ல நாள்.

"குப்பையில என்னடி படிக்கற?" என்று அக்கா இன்றைக்கும் கேட்டாள். சும்மா என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

லீவு. வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன். துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கடி அடிக்கத்தான் வேண்டும். இரண்டு வருடத்தில் இது ஆறாவது நிறம். நீலத்தில் மஞ்சள் சதுரம் போட்டேன், டேப் ஒட்டி, ஸ்பிரே டப்பாவில். இருபத்தைந்து நிமிடத்தில் உரித்தேன். ஒரு மூலை கசிந்தது.

தபால்காரர் வீட்டை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விட்டாராம். என் வீட்டுக்காரர் பழனியப்பன் கொசுவலைக் கம்பெனியில் வேலை செய்கிறார், கேலி செய்வது அவருக்கு இரண்டாவது வேலை. "அடுத்த வாரம் என்ன கலருனு முன்னாலயே சொல்லிரு புள்ள, நான் வழி தவறிப் பக்கத்து ஊட்டுக்குள்ள போயிரக் கூடாது" என்றார். பழைய ஃபிரிட்ஜ் கதவு கொல்லையில் கிடக்கிறது, அதையும் கேட்டோடு சேர்த்து அடிக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். ஃபிரிட்ஜ் கதவுக்கு எதற்குப் பெயிண்ட் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாதேசண்ணன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். பாவம், நல்ல மனுசன்தான்.

திண்டுக்கல்காரர் ஒருவருடைய டூரிஸ்ட் பஸ் ஷெட்டில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓடுகிற மான், கொம்பிலிருந்து கிளம்பி வால் வரைக்கும் பறக்கிற கோடுகள். ஸ்டிக்கர் ஒட்டினால் மலை ஏறி இறங்கி மழையில் நனைந்து ஓரம் கிளம்புகிறது, அதனால் பெயிண்டிலேயே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை பூஜை. மொதலாளி சங்ககிரியிலிருந்து வேறு பெயிண்டரைக் கூப்பிடப்போவதாகப் பேச்சு.

எனக்கென்ன. யார் அடித்தாலும் ஒட்டுவது நான்தானே.

மார்ச் 11, புதன்

நேற்று எழுதியது பொய். விடிய விடியப் புரண்டுகொண்டிருந்தேன்.

காலையில் மொதலாளி நல்லசிவம் வந்து உட்கார்ந்ததும் போய் நின்றேன். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த மான் பஸ்ஸை நானே அடிக்கட்டுங்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"டேப்பு ஒட்டறதும் கன்னு புடிக்கறதும் ஒண்ணா அம்மிணி?"

"பதினோரு வருசமா பாத்துட்டுதானுங்க இருக்கறேன்."

"பாத்தா வந்துருமா? நானுந்தான் தெனமும் ஏரோப்ளேனப் பாக்கறேன்."

தினமும் கன்னைக் கழுவி, அட்டையில் அடித்துப் பார்த்து மாட்டி வைப்பது நான்தான் என்றேன். எந்த டேப்பை எப்போது உரித்தால் என்ன ஆகும் என்று சொல்லட்டுமா என்றேன். இந்த டைரியை எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நல்லவேளை, அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

முடிவாகச் சொன்னது இது. கழற்றிப் போட்ட டிக்கிக் கதவு ஒன்றில் மானின் தலையை மட்டும் அடித்துக் காட்ட வேண்டும், சனிக்கிழமைக்குள். பிசிறு இல்லாமல் இருந்தால் பஸ்ஸைத் தருவார். பஸ் நன்றாக வந்து திண்டுக்கல்காரர் ஒத்துக்கொண்டால் நான் இந்தப் பட்டறையின் பெயிண்டர். வராவிட்டால் மறுபடி டேப் ஒட்டப் போய்விட வேண்டும், இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

சரிங்க என்றேன். வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினேன்.

மார்ச் 12, வியாழன்

கதவை நான்காகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் கட்டம் நியூஸ்பேப்பரும் டேப்பும். மான் கொம்பின் வளைவுக்குக் காகித டேப் வளையவில்லை, சுருக்கம் விழுந்து அதற்குள் பெயிண்ட் புகுந்தது. தின்னர் பட்டு நியூஸ்பேப்பரின் மை இறங்கி, வெள்ளையில் ஏதோ கல்யாண விளம்பரம் தலைகீழாகப் பதிந்துவிட்டது. மணமகள் தேவை.

இரண்டாவது, சாதாரண ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கடையில் மிஷினில் வெட்டி வாங்கினேன். வளைவெல்லாம் அருமை. உரிக்கும்போது அடியில் இருந்த வெள்ளையையும் சேர்த்துத் தோலாக உரித்துக்கொண்டு வந்தது. வெள்ளை நேற்றுத்தான் அடித்தது, முழுசாகக் காயவில்லை. ஸ்டிக்கரின் பசையோ விட மாட்டேன் என்கிற பசை.

மூன்றாவது, அதே கடையில் இருக்கும் பச்சை ஃபிலிம். பெயிண்ட் அடிக்கும்போது மூடுவதற்காகவே செய்தது, பசை மிதம். நன்றாக உரிந்தது. ஆனால் கொம்பின் நுனியில் மெல்லிசாக ஒரு கசிவு.

நான்காவது கட்டத்தை நாளைக்கு வைத்துக்கொண்டேன். இருந்த கோபத்துக்கு இன்றைக்கு அதைத் தொட்டால் கதவையே உடைத்திருப்பேன்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு விஷயம்.

முதல் விஷயம். ஃபிலிம் எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் எங்கேயோ ஒரு மயிரிழை கசியத்தான் செய்கிறது. கல்யாணமான புதிதில் நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். நூல் பிரிகிற துணிக்கு ஓரம் அடிக்கும்போது, அதே நிற நூலில் அடித்தால் பிரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது இன்று காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. கசிவதானால் கசியட்டும், வெள்ளையே கசியட்டும். ஃபிலிமை ஒட்டினேன். அதன் ஓரத்தில் முதலில் அடியில் இருக்கும் அதே வெள்ளையை லேசாக ஒரு பூச்சு, ஒரே ஒரு கோட், அடித்தேன். இடுக்கெல்லாம் வெள்ளையால் அடைபட்டுவிட்டது. அது காய்ந்த பிறகு மேலே அரக்குச் சிவப்பு. நாற்பது நிமிடத்தில் உரித்தேன். கோடு பிளேடால் கீறியது போல வந்தது. நான் கத்தியதில் வெல்டிங் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

இரண்டாவது விஷயத்தை எழுத மனசு வரவில்லை. எழுதுகிறேன்.

அதே கட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஃபிலிம் சரியாகப் பிடிக்காமல் தூக்கிக்கொண்டது. அடிக்கும் முன்னால் உற்றுப் பார்த்தால் என் கட்டைவிரல் ரேகை, துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். எண்ணெய்க் கை. காலையில் மகளுக்குத் தலைவாரிவிட்டு அவசரமாகக் கிளம்பியிருந்தேன். காலேஜ் பஸ்ஸுக்கு டேப் ஒட்டிய அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினேன். தாமதமாக உரித்தால் பெயிண்ட் பெயரும், உடையும். கசியாது. கசிந்தால் அது ஒட்டியதில் வந்த கோளாறு. இதை ஆறாம் தேதியே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், படிக்கத்தான் இல்லை.

ஐந்தாம் தேதிப் பக்கத்தை அடிக்கப்போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

மொதலாளி கதவை வெயிலில் சாய்த்துவைத்துப் பார்த்தார். நகத்தால் கொம்பின் ஓரத்தை வருடினார். கல்யாண விளம்பரத்தைப் படித்தார். நாலாவது கட்டத்தைக் காட்டி, இது மாதிரி இரண்டு பக்கமும் வருமா என்றார். வருமுங்க என்றேன். சரி என்று போய்விட்டார். அவ்வளவுதான்.

மாதேசண்ணன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். கதவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கதவு வேற, பஸ்சு வேற சுகந்தி" என்றார். எண்ணெய்க் கை விஷயத்தை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் மூன்று ஸ்பிரே டப்பா வாங்கி வந்திருக்கிறார். கடையில் சும்மா கிடந்ததாம்.

மார்ச் 16, திங்கள்

பஸ் முழுக்க வெள்ளை அடித்தேன். எட்டு மணி நேரம். தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும் போல இருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் மான் படத்தைக் கொடுத்து, இதே அளவில் இரண்டு வெட்டச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வெள்ளை காய்கிறது. மொதலாளி மூன்று தடவை வந்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டார். மூன்று தடவையும் இல்லீங்க என்றேன்.

மார்ச் 19, வியாழன்

கிளீனர் பக்கம், அதாவது பஸ்ஸின் இடது பக்கம், முடிந்தது.

நானும் அக்காவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டோம், ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி. பஸ்ஸில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஃபிலிமை நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து, அட்டையால் நீரை வழித்து ஒட்டினோம். முதலில் வெள்ளை ஓரம். பிறகு அரக்குச் சிவப்பு, மெல்லிசாக மூன்று கோட். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது, ஆனால் நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். அந்த நேரம் வரும் வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நகர்ந்துபோய் நின்றாள். உரிக்கும்போது நாங்கள் நகர்ந்து நின்றுதான் பழக்கம். எனக்கே எழுந்து போய் ஓரமாக நிற்கத் தோன்றியது, அப்புறம்தான் உரிக்க வேண்டியது நான் என்று உறைத்தது.

வாலில் ஆரம்பித்தேன். ஃபிலிமைத் தன் மேலேயே மடித்து, மெதுவாக, படுக்கைவசமாக இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். பதினோரு வருடம் தள்ளி நின்று கேட்ட சத்தம், கையில் வந்தபோது வேறு மாதிரி இருந்தது. கால் வந்தது, வயிறு வந்தது, கழுத்து வந்தது. கடைசியில் கண். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம், அதை எடுத்தால் வெள்ளைக் கண். எடுத்தேன். மான் என்னைப் பார்த்தது.

நான் அழுதேன். சந்தோஷம் என்றால் இதுதான் போலிருக்கிறது, எனக்கு இவ்வளவு வயதாகியும் தெரியாது.

மார்ச் 20, வெள்ளி

நாசமாய்ப் போனேன்.

டிரைவர் பக்கத்துக்கு இரண்டாவது ஃபிலிமை எடுத்து, இடம் பார்ப்பதற்காகத் தாளைப் பிரிக்காமலே நாலு மூலையில் டேப் போட்டுத் தொங்கவிட்டேன். டீ வாங்கப் போன ஜெய்புனக்கா திரும்பி வரும்போது ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இது ஏன் பின்னால ஓடுது?"

பஸ்ஸில் எந்த உயிர் வரைந்தாலும் அது டிரைவர் போகிற திசையில்தான் ஓட வேண்டும். இந்தப் பக்கம் இடது முகமாக ஓடினால் அந்தப் பக்கம் வலது முகமாக ஓட வேண்டும். பின்னால் பார்த்து ஓடுகிற மிருகம் உள்ள பஸ்ஸை எந்த ஓனரும் எடுக்க மாட்டார், வண்டி விளங்காது என்பார். பட்டறையைக் கூட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. நான்தான் கடையில் போய் நின்று, "இதே மாதிரி ரெண்டு" என்று சொல்லியிருக்கிறேன். இதே மாதிரியே வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபிலிமைத் திருப்பிப் போட்டால் மான் சரியாக ஓடும். ஆனால் பசை என் பக்கம் இருக்கும், பஸ்ஸின் பக்கம் இருக்காது.

ஸ்டிக்கர் கடைக்கு ஓடினேன். மிஷினின் மோட்டார் எரிந்துபோய்க் கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை வருமாம். மற்றக் கடைகளில் இருப்பதெல்லாம் நம்பர் பிளேட் வெட்டுகிற சின்ன மிஷின். செவ்வாய் வரை காத்திருந்தால் அதற்கு மேல் வார்னிஷ் அடித்து, சீட் மாட்டி, வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு நிறுத்த முடியாது.

மொதலாளி திட்டவில்லை. போனை எடுத்துச் சங்ககிரிப் பெயிண்டரின் நம்பரைத் தேடினார். திங்கட்கிழமை ஒரு நாள் கொடுங்கள், அன்று சாயங்காலத்துக்குள் மான் ஓடாவிட்டால் நானே அவரைக் கூப்பிடச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். போனைக் கீழே வைத்தார். இந்த வாக்கை எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 21, சனி

கடைசியில் என் பழைய தையல் பெட்டியைத்தான் திறந்தேன்.

ஜாக்கெட்டுக்கு இடது முன்பக்கமும் வலது முன்பக்கமும் வேண்டும். ஒன்றைக் காகிதத்தில் வரைந்து அதைத் திருப்பிப் போட்டு மற்றதை வெட்டுவோம். மானுக்கு மட்டும் வேறு சட்டமா?

தப்பாக ஓடும் ஃபிலிமைத் தரையில் விரித்தேன். மேலே பழுப்புத் தாள். தையல் பெட்டியில் பல் சக்கரம் இருக்கிறது, துணியில் அளவுக் குறி போட உருட்டுவது. அதை மானின் ஓரம் நெடுக உருட்டினேன். தாளில் புள்ளி புள்ளியாக மான் விழுந்தது. தாளைத் திருப்பினால் மான் திரும்பிவிட்டது.

அடுத்தது ஒட்டுகிற பொருள். கடையிலும் பச்சை ஃபிலிம் தீர்ந்துவிட்டது. ஸ்டிக்கர் வெள்ளையைத் தோலுரிக்கும். இருப்பது காகித டேப் மட்டும்தான். அது வளையாது என்பது சரி, ஆனால் வளைக்காமல் வெட்டினால்? ஸ்டிக்கருக்கு அடியில் வரும் வழுவழுப்பான தாள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, சும்மாவே கொடுத்தார்கள். அதன் மேல் அகல டேப்பை ஒன்றின் மேல் ஒன்று கால் இஞ்ச் ஏறும்படி வரிசையாக ஒட்டி, பன்னிரண்டு அடிக்கு ஒரே விரிப்பு ஆக்கினால் அதுதான் எங்கள் ஃபிலிம். புள்ளித் தாளை மேலே வைத்து நீலப் பொடி தட்டிக் கோடு இறக்கி, தையல் கத்தரியால் வெட்டலாம். பஸ்ஸின் மேல் பிளேடு படாது.

மாதேசண்ணன் வந்து நின்று பார்த்தார். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். காலேஜ் பஸ்ஸில் கசிந்தது என் எண்ணெய்க் கையால்தான், உங்கள் மேல் தப்பில்லை என்று. அவர் மாவுக்கட்டைச் சொறிந்துகொண்டார்.

"வெயில்ல நாலு மணி நேரம் விட்டது என் தப்புதான், அதையும் எழுதிக்க" என்றார். பிறகு, மொதலாளி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஒருக்கா குதிரைய அடிச்சே முடிச்சுட்டேன். ரெண்டு பக்கமும் எடது மொகமாவே ஓடுச்சு. மொதலாளி வரதுக்குள்ள ராவிச் சுரண்டி எடுத்தேன். நீ ஒட்டறதுக்கு முன்னாலயே பாத்துட்ட."

பார்த்தது அக்கா என்றேன். அப்படியா என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

லீவு நாள்தான், பட்டறைக்கே வந்து காலை முதல் வெட்டினோம். நான், அக்கா, வீட்டுக்காரர். அவருக்குக் கத்தரி கொடுக்கவில்லை, விரிப்பு சுருளாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. ஒரு மானுக்குக் காலைப் பிடித்துவிட்டது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண் வட்டத்தை அக்கா வெட்டினாள். மூன்று தடவை வெட்டியும் திருப்தி வரவில்லை. நாலாவதைத் தன் வளையலுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் ஒட்டி முடித்தோம். நகத்தாலும் கரண்டிக் காம்பாலும் ஒவ்வொரு ஓரமாகத் தேய்த்துப் பதித்தோம். டேப் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற படிகளில்தான் பயம், அங்கெல்லாம் வெள்ளை ஓரத்தை இரண்டு கோட் அடித்தேன்.

பதினொரு மணிக்குச் சிவப்பு அடிக்கத் தயார். மொதலாளியும் வந்துவிட்டார். ஷெட்டின் திறந்த பக்கம் வழியாக டிரைவர் பக்கத்தின் மேல் நேர் வெயில். தகரத்தைத் தொட்டால் சுடுகிறது. ஆறாம் தேதிப் பக்கம் ஞாபகத்தில் நின்றது. காகித டேப், வெயில், பெயர்ந்தது. காகித டேப், நிழல், முக்கால் மணி நேரம், சுத்தம். கன்னைக் கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸைத் திருப்பி நிறுத்த வேண்டும், தகரம் ஆற வேண்டும், மூன்று மணிக்கு மேல்தான் அடிப்பேன் என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னது நீதான் அம்மிணி" என்றார் மொதலாளி.

"ஆமாங்க. சாயங்காலத்துக்குள்ளதானுங்க."

மாதேசண்ணன்தான் வாயைத் திறந்தார். அந்தப் பிள்ளை சொல்கிறபடி விடுங்கள், நான் இந்த வெயிலில் அடித்துத்தான் காலேஜ் பஸ் போச்சு என்றார். மொதலாளி டிரைவரைக் கூப்பிட்டு பஸ்ஸைத் திருப்பச் சொன்னார்.

மூன்று மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு மூன்றாவது கோட். ஐந்தே காலுக்கு நகத்தை வைத்துப் பார்த்தேன். பதிந்தது, ஒட்டவில்லை. அக்கா வழக்கம்போல நகர்ந்துபோய் நின்றாள். அவளைக் கூப்பிட்டேன்.

"வாங்கக்கா. நீங்க உரிங்க."

"கன்னு புடிச்சவதான் உரிக்கணும்."

"ஒட்டுனது நீங்க. எங்க எந்தத் துண்டு ஏறி நிக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அது உண்மைதான். வெட்டி ஒட்டிய விரிப்பு அது, எந்தத் துண்டை முதலில் தூக்கினால் அடுத்தது கிழியாமல் வரும் என்பது ஒட்டிய கைக்குத்தான் தெரியும். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். மொதலாளியைப் பார்த்தாள், மாதேசண்ணனைப் பார்த்தாள். மாதேசண்ணன் தலையை ஆட்டினார். வாலில் அவள் ஆரம்பித்தாள், கொம்பில் நான். நடுவில் கழுத்தில் சந்தித்தோம். டேப் படிகளில் ஒரு இடத்தில்கூடச் சிவப்பு இறங்கவில்லை.

கண் மட்டும் பாக்கி. அதை அக்காவே எடுத்தாள். எடுத்ததும் அந்தத் துளி டேப்பைக் கீழே போடவில்லை, வளையலில் ஒட்டிக்கொண்டாள். "பத்தொம்பது வருசம்டி" என்றாள்.

மான் முன்னால் பார்த்து ஓடியது.

மார்ச் 24, செவ்வாய்

வார்னிஷ். ஸ்டிக்கர் கடை மிஷின் சரியாகிவிட்டதாம். நல்லது.

மார்ச் 27, வெள்ளி

பூஜை. திண்டுக்கல்காரர் குடும்பத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, பேச்சுக் குறைவு. பஸ்ஸை இடமாக ஒரு சுற்று சுற்றினார், வலமாக ஒரு சுற்று. டிரைவர் பக்கத்தில் நின்றவர் நின்றேவிட்டார். மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, நகத்தை மானின் வயிற்றோரத்தில் வைத்துக் கிளப்பிப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் இல்லையே?" என்று கேட்டார்.

"ஸ்டிக்கர் இல்லீங்க. எங்க பெயிண்டரம்மா அடிச்சது" என்றார் மொதலாளி, கையை என் பக்கம் நீட்டி.

அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு பஸ்ஸுக்கு இதே மான் வேண்டுமாம், அக்கா சொன்னாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பஸ் கிளம்பியது, இரண்டு மானும் முன்னால் ஓடின. மாதேசண்ணன் இடது கையாலேயே கை தட்ட முயற்சி செய்து, தொடையில் தட்டினார். கை சரியானதும் அடி வெள்ளையை அவர் அடிக்கட்டும், படமெல்லாம் நான் என்று மொதலாளி பிரித்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கேட் வெள்ளையாக இருக்கிறது. அவரே அடித்திருக்கிறார், பிரஷ்ஷால், வழிய வழிய. எதற்கு என்றேன். "படம் போட வெள்ளையா ஒரு எடம் வேணுமில்ல புள்ள" என்றார்.

மார்ச் 30, திங்கள்

இரண்டாவது மான் பஸ்ஸுக்கு வெள்ளை காய்கிறது. இன்று ஒரு ஸ்கூல் வேன், நீலப் பட்டைக் கோடு. பெயிண்டராக என் முதல் சட்டத்தைப் போட்டேன். யாரும் சண்டைக்கு வரவில்லை.

காகித டேப், முக்கால் இஞ்ச். நிழல், நாற்பது நிமிடம்.

ஒட்டியது ஜெய்புனக்கா. அடித்தது நான். உரித்தது ஜெய்புனக்கா.

சுத்தம்.